புலியைக் குத்தியவன் பெயர்

ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். வெயில் இல்லை. மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்ததால் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை மறுபடி போட்டிருந்தேன். மூன்றாவது முறை எடுக்கப் படியேறும்போதுதான் சம்பந்தி போன் செய்தார்.

“ஏனுங்க சம்பந்தி, அந்தத் தாளைப் பத்தரமா வெச்சிருக்கறீங்கல்லோ?”

“எந்தத் தாளுங்க?” என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

“அதானுங்க, கல்லு மேல ஒட்டி மை போடற தாளு. அந்த அம்மணி மறுக்கா வகுப்பு ஆரம்பிக்குதாமுங்க, புரட்டாசில. இந்த வாட்டி ரெண்டு பேரும் சேந்து ஒரு கை பாத்துப்போடலாமுங்க.”

நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனை வைத்துவிட்டு பீரோவின் மேலிருந்த பிளாஸ்டிக் குழாயை இறக்கினேன். அதற்குள் மூன்றடி நீளத்தில் ஒரு தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கடையில் கிடைக்கிற தாள் இல்லை அது. நனைத்துக் கல்லின் மேல் பரப்பி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, அதன் மேல் மையை ஒற்றினால், கருப்பில் வெள்ளையாகக் கல்லில் உள்ள எழுத்து அப்படியே வந்துவிடும். மைப்படி என்பார்கள். பிரித்துப் பார்த்தேன். வாங்கின அன்று எவ்வளவு வெள்ளையாக இருந்ததோ அவ்வளவு வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க, சென்ற ஒரு வருடமாக நான் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த கோபம் மேலே வந்தது. அதை இங்கே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்றே எழுதிவிட வேண்டும். அது என் பழக்கம்.

சம்பந்தி என் ஒரே மகளின் மாமனார். அன்னூருக்கு வடக்கே தோட்டம், வாழையும் சோளமும், இரண்டு கிணறு, நான்கு போர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். என் மகளைச் சத்தம் போட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் காலையில் இளநீரோடு வந்து நின்றவர். ஆனால் எதையும் அன்றைக்குச் செய்ய மாட்டார். அவருடைய வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை ‘அப்பறமேட்டுக்கு’. போர் மோட்டார் சத்தம் மாறினால் அப்பறமேட்டுக்கு. பல் வலித்தால் அப்பறமேட்டுக்கு. பட்டாவில் பெயர் மாற்றுவதை அவருடைய அப்பா காலமானதிலிருந்து அப்பறமேட்டுக்குத்தான் வைத்திருக்கிறார். இதெல்லாம் அவர் பாடு. அவருடைய வாழை, அவருடைய பல். நான் தலையிட்டதில்லை.

தலையிடவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவன் பெண்ணை எடுத்தவரிடம் எவ்வளவு பேசலாம் என்பதற்கு எழுதாத ஓர் அளவு இருக்கிறது. அவர் ஒன்று சொன்னால் நாம் “சரிங்க” என்று சொல்ல வேண்டும். “அப்படியில்லீங்க” என்று தொடங்கினாலே குரலை இரண்டு படி இறக்கிக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்பது வருடம் நூற்பாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நூலில் பிசிறு இருந்தால் மேனேஜர் முகத்துக்கு நேரே அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அந்த நானே சம்பந்தியின் முன்னால் ‘ங்க’ போட்டுப் போட்டு என் எலும்பையே தேய்த்துவிட்டேன்.

அந்த வகுப்பில் எங்களைச் சேர்த்துவிட்டது என் மகள்தான். மனைவி போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு வருத்தம். அங்கே மாமனாரும் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சனிக்கிழமை தோறும், கொங்கு வரலாறும் பழைய எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். ஆனி மாதம் தொடங்கி மார்கழி வரை. மொத்தம் இருபத்திரண்டு பேர். எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் ஐம்பது வயதுக்குக் கீழே.

ஆசிரியைக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முதல் வகுப்பிலேயே அவர் தன் முறையைச் சொல்லிவிட்டார். “பாத்த அன்னைக்கே எழுதிருங்க ஐயா. நாளைக்கு எழுதுனா அது குறிப்பு இல்லீங்க, கதை.” தினமும் வட்டெழுத்தில் இருபது எழுத்து எழுதிப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பது எழுதினால் அது கணக்கில் வராது. ஒவ்வொரு வகுப்பும் நோட்டை மூடி வைத்துவிட்டு, போன வாரம் படித்ததை ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொல்வதோடு தொடங்கும். கல்லுக்கு முன்னால் போனால் உடனே படிக்க ஆரம்பிக்கக் கூடாது. “முதல்ல எண்ணுங்க. எத்தனை வரி, வரிக்கு எத்தனை எழுத்து. அப்புறம் படிங்க. படிச்சுட்டே எண்ணுனா, நமக்குத் தெரிஞ்ச வார்த்தையை நாமே உள்ள போட்டுருவோம்.” என் வாழ்க்கையில் எண்ணுவதற்காக என்னைக் கேலி செய்யாத முதல் ஆசிரியர் இவர்தான். இவருக்காகவே நான் ஒரு நாள் விடாமல் இருபது எழுத்து எழுதினேன். காலை ஐந்தரை மணி, ஒரு டம்ளர் காபி, இருபது எழுத்து. பதினேழு நிமிடம் ஆகும்.

சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நான்கு நிறத்தில் பேனா, கெட்டி அட்டை நோட்டு மூன்று, ஒரு பூதக்கண்ணாடி, தோளில் மாட்டுகிற பை என்று பெரியகடை வீதியில் வாங்கிக் குவித்தார். பூதக்கண்ணாடிக்குத் தோல் உறை வேறு. மூன்று நோட்டில் ஒன்றின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டார். அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. சனிக்கிழமை மண்டபத்துப் படியில் உட்கார்ந்து என் நோட்டை வாங்கி அவசரமாகப் பார்த்து எழுதுவார். “உங்களுது அச்சடிச்சாப்புல இருக்குதுங்க சம்பந்தி. உங்குளுக்குப் பக்கத்துல உக்காந்தா எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்குமுங்க” என்று சிரிப்பார். ஐந்து வாக்கியம் சொல்லும் முறை வரும்போது தோட்டத்துக்கு மயில் வந்து சோளத்தைத் தின்ற கதையைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்துவிடுவார். ஆசிரியையும் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கேட்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் எழுதிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து யாரும் சிரித்ததுகூட இல்லை.

வரலாறு என்றாலே ஆட்களுக்கு இந்த அலட்சியம்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே பார்க்கிறேன். கணக்கை முதல் நாளிலிருந்து போட வேண்டும். இங்கிலீஷை இடைவிடாமல் படிக்க வேண்டும். வரலாறா, அது பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் தொடங்கினால் போதும். ஏனென்றால் நடந்து முடிந்தது எங்கே ஓடிவிடப் போகிறது? என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று வகுப்பு நேரத்தை அறிவியல் வாத்தியார் வாங்கிக்கொண்டு, “ஹிஸ்டரியை லீவுல பாத்துக்கலாம்” என்று சொன்னார். லீவில் யார் பார்த்தது? என் பேரனுக்கும் அதுவே இன்று நடக்கிறது. முடிந்துபோனது ஓடாது என்று நினைக்கிற இந்த ஒரு தப்பை மூன்று தலைமுறையாக ஒரே மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். ஓடுவது அதுதான். நாளைய பாடத்தை நாளைக்கும் படிக்கலாம். நேற்றையது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. மழை தேய்க்கிறது, எண்ணெய் தேய்க்கிறது, பக்தி எல்லாவற்றையும்விட வேகமாகத் தேய்க்கிறது.

நான்காவது வாரம் ஆசிரியை சொன்னார்: வகுப்பு முடியும்போது இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, இதுவரை யாரும் படித்து வெளியிடாத ஒரு கல்லை, அவரவர் ஊர்ப் பக்கத்தில் கண்டுபிடித்து, மைப்படி எடுத்து, படித்து எழுதித் தர வேண்டும். தந்தால்தான் சான்றிதழ். ஜோடிக்கு ஒரு தாள் கொடுப்பார். தாள் கிடைப்பது அருமை, இரண்டாவது கேட்கக் கூடாது. அப்போது சம்பந்தி மயில் கதை சொல்கிற அதே குரலில் சொன்னார்: “எங்க கொலதெய்வக் கோயிலுக்குப் பொறவால ஒரு கல்லு நிக்குதுங்க அம்மணி. ஒரு ஆளு புலியைக் குத்தறாப்புல. கீழ என்னமோ எழுத்தாட்ட இருக்குமுங்க. சின்னப் பையனா இருக்கறப்ப அதுமேல ஏறித்தான் புளியங்கா பறிப்போமுங்க.”

ஆசிரியை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மாட்டு மந்தைக்குள் புலி புகுந்து, அதை எதிர்த்துக் குத்திச் செத்தவனுக்கு ஊர் நட்டு வைக்கிற கல் அது. புலிகுத்திக் கல். எங்கள் பக்கத்தில் அந்த உருவத்தோடு கற்கள் உண்டு. எழுத்தோடு கிடைப்பது குறைவு. எழுத்து இருந்தால் பெயர் இருக்கும். “ஐயா, அதை யாராவது படி எடுத்திருக்காங்களா?” “ஆரு எடுத்தாங்க, அது பாட்டுக்கு நிக்குதுங்க.” “இந்த வாரமே போய் எடுத்துருங்க ஐயா. தள்ளிப்போடாதீங்க.” சம்பந்தி என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “ஆயரம் வருசமா நிக்கற கல்லுங்க அம்மணி. இன்னொரு மாசம் நிக்காதுங்களா?” மறுபடி வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவானது. எழுத்தைப் பார்க்கக் காலை வெயில் வேண்டும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் தேய்ந்த எழுத்து எழும்பித் தெரியும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். “வெள்ளென ஆறு மணிக்கே கார் எடுத்துட்டு வந்துபோடறேனுங்க” என்றார் சம்பந்தி. கணபதியில் என் வீட்டு வாசலில் ஐந்தேமுக்காலுக்கு நின்றேன். தாள் இருந்த குழாய், இரண்டு தூரிகை, மைப் பொட்டலம், தேங்காய் நார், ஒரு குடம். அவர் வந்தது பத்து நாற்பதுக்கு. “சந்தகை பண்ணச் சொல்லிருக்கறேனுங்க, ஊட்டுல சாப்பிட்டுட்டே போயிரலாமுங்க.” சந்தகைக்குத் தேங்காய்ப் பால், அதற்குப் பிறகு பணியாரம், அதற்குப் பிறகு வாழைத்தோட்டத்தில் ஒரு சுற்று. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். வெயில் உச்சியில். கல்லின் முகம் துடைத்த பலகை போல ஒன்றுமில்லாமல் நின்றது. “பொழுதோட எடுத்துக்கலாமுங்க” என்று புளிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். ஒரு பங்காளி வந்தார். போர் எத்தனை அடியில் தண்ணீர் என்று பேசினார்கள். எழுநூறு அடியிலிருந்து ஆயிரத்து இருநூறு அடிவரை பேசினார்கள்.

ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்தது. அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கப் போவதில்லை. கல்லில் ஒரு மனிதன் பக்கவாட்டில் கொண்டை போட்டுக்கொண்டு நிற்கிறான். புலி இரண்டு காலில் எழுந்து அவன் உயரத்துக்கு நிற்கிறது. அவனுடைய கத்தி அதன் வயிற்றில். பின்னால் ஒரு மாடு, வாலைத் தூக்கிக்கொண்டு. அவன் முகத்தில் கோபமோ வீரமோ இல்லை. வேலை செய்கிறவனின் முகம். காலுக்குக் கீழே எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. தினமும் இருபது எழுதினதன் பலன் அப்போது தெரிந்தது. என்னால் படிக்க முடிந்தது. முதல் வரியில் ‘புலி குத்திப் பட்டான்’. இரண்டாவது வரியில் ஒரு பெயர், பாதி தேய்ந்தது, அதற்குப் பிறகு ‘மகன்’. அதோடு மண். மூன்றாவது வரியின் தலைகள் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தன. யாருடைய மகன் என்பது பாதி வெளியே இருந்தது. மகன் யார் என்பது மண்ணுக்குள் இருந்தது.

நான் குடத்தை எடுத்தேன். சம்பந்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “இருங்க சம்பந்தி. மேலாக்க மட்டும் எடுத்தா அரைகொறையா இருக்குமுங்க. தாளு ஒண்ணுதான இருக்குது? நாளான்னிக்கு ஆள் கூட்டியாந்து, கடப்பாரை போட்டு மண்ணை எடுத்துப்போட்டு, முழுசா எடுத்துக்கலாமுங்க.” “மண்ணு ஒரு சாண்தானுங்க இருக்கும். நானே எடுத்துடறேனுங்க” என்று குச்சியைத் தேடிக் குனிந்தேன். அவர் பதறிப்போனார். “அய்யோ, நீங்க மண்ணு நோண்டறதா! பொண்ணு குடுத்த சம்பந்தியைக் கோயலுக்குக் கூட்டியாந்து மண்ணு வெட்ட உட்டாங்கன்னு ஊரே சிரிக்குமுங்க. பங்காளிக என்னை உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாங்க. எந்திரிங்க, எந்திரிங்க.” போர் பேசின பங்காளியும் ஓடி வந்து என் தோளைத் தூக்கினார். இரண்டு பேருமாக என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார்கள். மரியாதை. அந்த மரியாதையில் நான் எழுந்து நின்றேன். “சரிங்க” என்றேன். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. எழுத்து இல்லை.

நாளான்னிக்கு ஆள் வரவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பங்காளி வீட்டுக் கல்யாணம். அதற்கடுத்த வாரம் மழை. “மண்ணு ஈரமா இருந்தா தாளு ஒட்டாதுங்களே” என்றார். வகுப்பில் கேட்காதவர் இதை மட்டும் எங்கே கேட்டாரோ. புரட்டாசியில் உழவு. நான் போன் செய்யும்போதெல்லாம் பேரனைப் பற்றித் தொடங்கி, மழையைப் பற்றிக் கேட்டு, ஆறாவது வாக்கியத்தில்தான் கல்லைத் தொடுவேன். அவர் ஏழாவது வாக்கியத்தில் அதை மூடிவிடுவார். தனியாகப் பஸ் ஏறிப் போய்விடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாது. சம்பந்தி வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குள், அவர்கள் கூப்பிடாமல், கடப்பாரையோடு போய் நிற்பவனுடைய மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவாள்?

ஐப்பசியில் அவரே போன் செய்தார். குரலில் உற்சாகம். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிச்சயமாகிவிட்டது, பாலாலயம் முடிந்து சாமியை மாற்றி வைத்தாயிற்று, வேலை ஓடுகிறது, பங்காளிகள் அவரைக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள். “பொறவால சொவுரு எடுத்து டைல்ஸ் ஒட்டறமுங்க. உங்க பேர்லயும் ஒண்ணு போட்டுக்கறனுங்க சம்பந்தி.” “அந்தக் கல்லுங்க?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். “அது எங்கீங்க போவுது. இப்ப பூராவும் சாரம் கட்டிக் கெடக்குது. கும்பாபிசேகம் முடியட்டுமுங்க, கூட்டமில்லாம நிம்மதியா உக்காந்து எடுத்துக்கலாமுங்க.” “சரிங்க” என்றேன். நன்கொடையை, போனை வைத்த ஆறாவது நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். நான் எதையும் தள்ளிப்போடுகிறவன் இல்லை.

கார்த்திகையில் கும்பாபிஷேகத்துக்குப் போனேன். நல்ல கூட்டம், நல்ல சாப்பாடு. கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் போனேன். புளிய மரம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் புதுச் சுவர், முழுவதும் மஞ்சள் டைல்ஸ், நடுவில் ஒரு கருப்பு கிரானைட் பலகை. மரத்திலிருந்து அளந்து பார்த்தேன். கல் நின்ற இடம்தான். சம்பந்தி புது வேட்டி, சந்தனத்தோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“எப்பிடி இருக்குதுங்க?”

“கல்லு எங்கீங்க?”

“அதுங்களா, உள்ளதானுங்க இருக்குது!” என்று சுவரைத் தட்டிக் காட்டினார். “பேத்து எடுக்க வேண்டாம், சாமி குத்தமாயிரும்னு சொவுத்தோட சேத்தியே கட்டிப்போட்டமுங்க. கல்லு வழுவழுன்னு இருக்குது, சிமெண்டு புடிக்காதுன்னு மேஸ்திரி சொன்னாருங்க. அப்பறம் மண்ணை எடுத்துட்டு, மேலிருந்து கீழ வரைக்கும் உளி வெச்சு நல்லாக் கொத்திப்போட்டுத்தான் பூசுனாங்க. நாந்தான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன், ஒரு எடம் உடாம.”

மண்ணை எடுத்துவிட்டுக் கொத்தினார்கள். இதை அவர் சொன்னபோது எனக்கு வந்ததை எப்படி எழுதுவது? அந்த ஒரு சாண் மண்ணை எடுக்கத்தான் மூன்று மாதமாக ஆள் கிடைக்கவில்லை. எழுத்து வெளியே வந்திருக்கிறது. வெயிலைப் பார்த்திருக்கிறது. இந்த மனிதர், பூதக்கண்ணாடி வாங்கின மனிதர், அதற்கு ஒரு முழம் தூரத்தில் நின்று, உளி சரியாக விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். வட்டெழுத்து அவருக்குத் தெரியாது. தினமும் இருபது எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அவர் கையை நீட்டித் தடுத்திருப்பார். அவர் கெட்டவர் இல்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே. அவருக்கு அது புளியங்காய் பறிக்க ஏறின கல், அவ்வளவுதான்.

“ஏனுங்க ஒரு மாதிரியா நிக்கறீங்க? கல்லு உள்ள பத்தரமா இருக்குதுங்க. அப்பறமேட்டுக்கு ஒரு நாளைக்கு டைல்ஸைப் பேத்துப்போட்டுப் பாத்துக்கலாமுங்க.”

வாயைத் திறந்தேன். அப்போது என் மகள் பாயச டம்ளரோடு அங்கே வந்துவிட்டாள். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். மாமனார் அந்தப் பக்கம் யாரையோ கும்பிடத் திரும்பியதும், “அப்பா, ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. ஊரே வாயாரப் பாராட்டிட்டு இருக்கறாங்க. மாமா மனசு ஒடஞ்சுபோயிருமுங்க” என்று டம்ளரை என் கையில் திணித்தாள். டம்ளர் சுட்டது. குடித்தேன். “நல்லா இருக்குதுங்க” என்றேன். சுவரையா பாயசத்தையா என்று யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் கடைசி வகுப்பு. இருபது பேர் மைப்படியை மேசையில் விரித்தார்கள். சூலூர்ப் பக்கத்து எல்லைக்கல், பவானிப் பக்கத்தில் ஒரு மதகுக் கல், மதுக்கரையில் யார் வீட்டிலோ துணி துவைத்துக்கொண்டிருந்த பலகை. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. சம்பந்தி வரவில்லை, பல் வலி. நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். ஆசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆவணியில் கல்லின் முன்னால் நின்ற அந்த மாலை போனில் நான் எடுத்த இரண்டு வரியின் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்; மூன்றாவது வரி அதில் விழவில்லை. ஒரு தாளில், படித்தவரை எழுதினார். அழிந்துபோன எழுத்துக்குப் புள்ளி வைப்பது வழக்கம். எழுத்துக்கு ஒரு புள்ளி. ‘மகன்’ என்று எழுதி நிறுத்தினார்.

“மூணாவது வரியில எத்தனை எழுத்துங்கய்யா? தலை தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, எண்ணுனீங்களா? எத்தனை புள்ளி வெக்கட்டும்?”

மண்டபத்துப் படி முப்பத்தாறு. அந்த அறையில் மின்விசிறி ஐந்து, ஓடுவது நான்கு. அவர் மேசையில் அன்று இருந்த மைப்படிகள் பத்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்றாவது வரியை நான் எண்ணவில்லை. முதல் வரியைப் படிக்க முடிந்த சந்தோஷத்தில் எண்ண மறந்தேனோ, நாளான்னிக்கு முழுசாகப் பார்க்கப் போகிறோம் என்று விட்டேனோ. நாளான்னிக்கு என்ற வார்த்தை ஒரு நிமிடம் எனக்குள்ளும் வேலை செய்துவிட்டது. அதற்காகவும் அவர் மேல்தான் எனக்குக் கோபம். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு புள்ளி எதுவும் வைக்காமல் தாளை மூடினார்.

சான்றிதழ் எங்கள் இருவருக்கும் இல்லை. “அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாமுங்க” என்றார் சம்பந்தி, பல்லைப் பிடுங்கின பிறகு. அதைத்தான் இன்று காலை பத்து ஐந்துக்கு மறுபடி சொன்னார். “வேற கல்லு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க. எங்க போவப்போவுது.”

“சரிங்க” என்றேன். ஆமாம், அதையேதான் சொன்னேன். என் மகள் அங்கே இருக்கிறாள், பேரன் அங்கே இருக்கிறான், எனக்கு எழுபத்தோரு வயது. ஆனால் தாளைக் குழாய்க்குள் திரும்பச் சுருட்டி வைக்கவில்லை. மேசையில் விரித்து நான்கு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்திருக்கிறேன். வெளியே சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. துணி நனையட்டும். இத்தனை பெரிய வெள்ளையில், கல்லில் அது எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றரை வரியை வட்டெழுத்தில் பென்சிலால் எழுதினேன். ‘மகன்’ வரைக்கும். அதற்குக் கீழே வெள்ளை.

அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. யாரோ உளி எடுத்து அதை வெட்டி, ஊர் கூடி அதை நட்டு, மழையிலும் எண்ணெயிலும் அது அத்தனை காலம் நின்று, போன வருடம் ஐப்பசியில் ஒரே ஒரு நாள் முழுசாக வெளியே வந்து, படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போனது.

கும்பாபிஷேகத்தன்று அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது, ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறைப்படி, முதலில் எண்ணினேன். கருப்பு கிரானைட் பலகையில் இருபத்தேழு வரி. எழுத்து நல்ல ஆழம், பொன் வண்ணம் பூசியது, வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் தெரியும். எதையும் நேரத்துக்குச் செய்யாத சம்பந்தி, அந்தப் பலகையை மட்டும் மூன்று நாள் முன்னதாகவே வெட்டி வாங்கிப் பதித்துவிட்டாராம். எண்ணிய பிறகு படித்தேன். பதினான்காவது வரியில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் கணபதி, கோவை, அதற்குப் பக்கத்தில் ரூ. 10,001.